வாய்தாவும் சிரிப்பும்

அரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் அக்காள் இருக்கிறாள். 78 வயது. வருஷத்தில் ஒரு முறை அங்கே போய் நாலு நாள் இருந்துவிட்டு வருவது என் வழக்கம். போன முறை நான் போயிருந்தபோது அவளுடைய பேரனும் விடுமுறைக்கு வந்திருந்தான். சட்டக் கல்லூரியில் படிக்கிற பையன். ராத்திரிச் சாப்பாடு ஆனதும், "தாத்தா, ஒரு நல்ல கோர்ட்டுக் கதை இருக்கு, பார்க்கலாமா?" என்று தொலைக்காட்சிப் பெட்டியைப் போட்டான்.

'மாம்லா லீகல் ஹை' என்று பெயர். இந்தித் தொடர். 2024 மார்ச்சில் நெட்ஃப்ளிக்ஸில் வெளியான முதல் பருவம். மொத்தம் எட்டுப் பகுதிகள். தில்லியில் பட்பர்கஞ்ச் என்ற பகுதியில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு ஜில்லா கோர்ட்டு. அங்கே த்யாகி என்று ஒரு வக்கீல். ரவி கிஷன் நடித்திருக்கிறார். சிறு கோர்ட்டில் அல்லாடிக்கொண்டே நாட்டின் தலைமை வழக்கறிஞராகிவிட வேண்டும் என்று கனாக் காண்கிற ஆசாமி. ஹார்வர்டில் படித்துவிட்டு ஏழைகளுக்கு நியாயம் வாங்கித் தரப் புறப்பட்டு வந்த ஒரு பெண், அந்தக் கோர்ட்டைப் பார்த்துத் திகைக்கிறாள். வசவு பேசிய ஒரு கிளியைக்கூட வழக்குக்குள் இழுத்துவிடுகிறார்கள்.

இரண்டு இரவுகளில் எட்டையும் பார்த்து முடித்தோம். பையன் சிரித்தான். மருமகன் சிரித்தான். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். அக்காள் மட்டும் முறத்தை முன்னால் வைத்துக்கொண்டு புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே பேரன் அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். எல்லாம் முடிந்தபோது நடுநிசி தாண்டிவிட்டது. அப்போது அக்காள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"எல்லாம் சரி. இதுல எத்தினி வாய்தா ஆச்சு?"

"ஆயா, இது கதை. வாய்தாவையெல்லாம் காட்டிக்கிட்டிருந்தா யாரு உக்காந்து பார்ப்பாங்க?"

"ஆமா, பாக்கறவங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் புளியைப் பார்க்கக் குனிந்துகொண்டாள்.

பையனுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. தான் படித்ததை எடுத்துவிட்டான். "இப்பல்லாம் சட்டமே இருக்கு ஆயா. சிவில் புரொசீஜர் கோடுல, பதினேழாவது ஆர்டர்ல, விசாரணை நடக்கும்போது ஒரு தரப்புக்கு மூணு வாய்தாவுக்கு மேல கொடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. 2002-லேருந்து அமல்ல இருக்கு."

அக்காள் சிரிக்க ஆரம்பித்தாள். கையிலிருந்த புளி முறத்தில் விழுந்தது. கண்ணில் நீர் வரும் வரையில் சிரித்தாள். அந்த இரண்டு இரவுகளிலும் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

நான் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. நாங்கள் சிரித்த இடத்தில் அவள் சிரிக்கவில்லை. அவள் சிரித்த இடத்தில் எங்களால் சிரிக்க முடியவில்லை. இது என்ன கணக்கு?

*

நீதிமன்றத்தைப் பார்த்துச் சிரிப்பது புதிய பழக்கம் அல்ல. சிரிப்பதற்கென்றே அமைந்தது போன்ற இடம் அது. வேறு எங்கே பெரிய மனிதர்கள் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு, வியர்த்து வழிய, ஒரு புளியமரத்தின் கிளை யார் வேலிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் வாதாடுகிறார்கள்? விஷயம் சிறியது, சடங்கு பெரியது. சின்னதும் பெரியதும் முட்டிக்கொள்ளும் இடத்தில் சிரிப்புப் பிறக்கிறது.

அமெரிக்காவில் 'நைட் கோர்ட்' என்று ஒரு தொடர் பிரசித்தமாக இருந்தது. நியூயார்க் நகரத்தில் இரவில் கூடுகிற நீதிமன்றம். அன்றன்றைக்குப் பிடிபட்ட சில்லறைக் குற்றவாளிகள். ஹாரி ஸ்டோன் என்று ஓர் இளம் நீதிபதி. அவர் மாயவித்தை காட்டுவார். அந்த வேஷம் போட்ட ஹாரி ஆண்டர்சன் நிஜ வாழ்க்கையிலும் மாயவித்தைக்காரர்தான். 1984 ஜனவரியில் ஆரம்பித்து ஒன்பது பருவங்கள் ஓடி, 1992 மே மாதத்தோடு அது முடிந்தது. அந்த மாதத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கு வருகிறேன்.

நம்மிடமும் இல்லாமல் இல்லை. மரியாதைராமன் கதைகளைக் கேட்டு வளராத தமிழ்க் குழந்தை உண்டா? அவன் சபையில் வழக்கு வரும், ஒரு தந்திரம் நடக்கும், பொய்யன் மாட்டிக்கொள்வான், கேட்டவர்கள் சிரிப்பார்கள். சினிமாவிலும் அப்படித்தான். 1952-ல் 'பராசக்தி' வந்த நாளிலிருந்து கூண்டில் ஏறிய கதாநாயகன் ஒரே மூச்சில் வசனம் பேசி முடிக்கிறான். கொட்டகையில் கைகள் தட்டப்படுகின்றன. மரியாதைராமன் சபையிலும் வாய்தா இல்லை. சினிமாக் கோர்ட்டிலும் வாய்தா இல்லை.

இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது. தமிழில் முதல் நாவல் எழுதியவரே ஒரு நியாயாதிபதிதான். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் வெளியாயிற்று. சிரிக்கச் சிரிக்க எழுதிய புஸ்தகம். தமிழ்க் கட்சிக்காரனுக்காகத் தமிழ் வக்கீல், தமிழ் தெரிந்த நீதிபதியிடம், கட்சிக்காரனுக்குப் புரியாத இங்கிலீஷில் வாதாடுவதை அதில் அவர் கேலி செய்திருக்கிறார். பம்மல் சம்பந்த முதலியாரும் அப்படியே. 'சபாபதி' என்ற அசட்டு வேலைக்காரனைப் படைத்துத் தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்தவர், சென்னையில் வக்கீலாக இருந்து, ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாக உட்கார்ந்தவர்.

ஆக, நீதிமன்றத்தை வைத்துச் சிரிக்கலாமா என்ற கேள்விக்கு நீதிபதிகளே பதில் சொல்லிவிட்டார்கள். சிரிக்கலாம்.

என் நண்பர் ஒருவர், பழுத்த வக்கீல், இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "கோர்ட்டைப் பார்த்து ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் பயம் போய்விடும், பயம் போனால் மதிப்புப் போய்விடும்" என்பார். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு சிரிப்புக்குச் சரிந்துவிடுகிற மதிப்பு, சரிந்தால்தான் என்ன? நீதிமன்றத்தின் கௌரவத்தைக் காப்பாற்ற 1971-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. கோர்ட்டு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால், அதன் வாசலில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருக்கிற வழக்காடியை அவமதித்தால் கேட்பதற்கு எந்தச் சட்டம் இருக்கிறது?

அந்த அவமதிப்பை ஒரு காலத்தில் நானே செய்திருக்கிறேன். அன்று ராத்திரி தூக்கம் வராததற்குக் காரணம் அதுதான்.

*

என் அக்காள் புருஷனுக்கு, அதாவது என் மாமாவுக்கு, ஒரு கிணற்றில் பங்கு இருந்தது. கிணற்றுப் பங்கு என்றால் பட்டணத்து வாசகர்களுக்குப் புரியாது. எங்கள் பக்கம் ஒரு கிணற்றை நாலு குடும்பம் சேர்ந்து வெட்டியிருப்பார்கள். இத்தனை நாளைக்கு ஒரு முறை இன்னாருக்குத் தண்ணீர் என்று முறை இருக்கும். தலைமுறை மாறி, பாகம் பிரிந்து, முறை நாளில் தகராறு வரும். மாமாவின் பங்காளி ஒருவர், "உனக்கு இந்தக் கிணற்றில் பங்கே இல்லை, நீ காட்டுகிற பாகப் பத்திரம் பொய்" என்று சொல்லிவிட்டார். 1978-ல் மாமா பிராது போட்டார்.

எந்த ஊர்க் கோர்ட்டு என்று சொல்ல வேண்டியதில்லை. எந்த ஊராக இருந்தாலும் கதை ஒன்றுதான். எதிர்க்கட்சி வக்கீல் வரவில்லை என்று வாய்தா. நம்முடைய வக்கீல் வரவில்லை என்று வாய்தா. நீதிபதிக்கு மாற்றல், புதியவர் வரும் வரையில் வாய்தா. கிணற்றைப் பார்த்து வரக் கமிஷனர் நியமித்தார்கள். அவர் அறிக்கை கொடுக்க வாய்தா. அதற்கு ஆட்சேபம் சொல்ல வாய்தா. எட்டு வருஷம் இப்படி ஓடியது. 1986-ல் மாமா இறந்துபோனார். அவருடைய இடத்தில் என் அக்காளை வாதியாகச் சேர்ப்பதற்கு மனுப் போட்டார்கள். அதற்கும் வாய்தா. அடுத்த கோடையில் கிணறு வற்றிப்போயிற்று. சுற்றிலும் ஆழ்குழாய்கள் இறங்கிவிட்டன. பிறகு எந்த மழைக்கும் அதில் தண்ணீர் நிற்கவில்லை. கிணறு வற்றியது, வழக்கு வற்றவில்லை.

கடைசியாகச் சொன்ன அந்த வாக்கியம் என்னுடைய சிறுகதையில் வருகிறது. ஆமாம், 1988-ல் இதை நான் கதையாக எழுதினேன். தண்ணீரே இல்லாத கிணற்றில் செவ்வாய்க்கிழமைத் தண்ணீர் யாருக்கு என்று இரண்டு வக்கீல்கள் தொண்டை வறள வாதாடுவதோடு கதை முடியும். பத்திரிகையில் வந்த வாரம் கடிதங்கள் குவிந்தன. "வயிறு வலிக்கச் சிரித்தோம், கோர்ட்டு என்றாலே இப்படித்தான்" என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊருக்குப் போனபோது அக்காளுக்கு நானே படித்துக் காட்டினேன். அவளும் சிரித்தாள். படித்து முடித்ததும், "கதை முடிஞ்சிபோச்சு. கேஸு?" என்றாள்.

"கேஸுக்கு என்னக்கா இருக்கு இனிமே? கிணத்துல தண்ணியே இல்லையே! விட்டுட வேண்டியதுதானே?"

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு அன்று புரியவில்லை. பதில் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாய்தாவுக்குக் காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டுப் போய்விட்டாள்.

1995-ல் தீர்ப்பு வந்தது. அவளுக்குச் சாதகமாகத்தான். பாகப் பத்திரம் உண்மையானது, வாதியின் கணவருக்குக் கிணற்றில் நாலில் ஒரு பங்கு உண்டு என்று தீர்ப்பு. தண்ணீர் இல்லாத கிணற்றில் நாலில் ஒரு பங்கு! நான் கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சொன்னாள்: "தம்பி, அவரு பொய்ப் பத்திரம் காட்டினாருன்னு ஊரு பூரா பேசிச்சி. பொய் இல்லன்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டாங்க. எனக்குத் தண்ணிக்கா கேஸு?"

பதினேழு வருஷம் அவள் பஸ் ஏறியது எதற்காக என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கதாசிரியன் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிற எனக்கு, என் கதாநாயகி எதை விரும்பினாள் என்பதே தெரியாமல் கதையை எழுதி முடித்துவிட்டிருந்தேன்.

*

அக்காள் வீட்டு மாடியில் நின்று பார்த்தால் சித்தேரி மலை தெரியும். மறுநாள் காலையில் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அந்த மலையடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. கோர்ட்டைப் பற்றி இந்த ஜில்லாவில் உட்கார்ந்து யோசிக்கிறவன் அந்த ஊரை நினைக்காமல் இருக்க முடியாது.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைச் சிப்பந்திகள் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். அடித்தார்கள், வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தையும் கிணற்றையும் பாழாக்கினார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்களை, குழந்தைகள் உள்பட, சிறைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அதிகாரத்திலிருந்தவர்கள் சொன்னார்கள்.

மலைவாழ் மக்கள் சங்கத்தார் அதை விடவில்லை. அந்தப் பெண்களும் விடவில்லை. 1995-ல் உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அத்தனை பேரும் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். தருமபுரி மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள் 2011 செப்டம்பர் 29. பத்தொன்பது வருஷம், மூன்று மாதம். அதற்குள் எதிரிகளில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அவர்கள் மேல் முறையீடு செய்தார்கள். 2023-ல் உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் தாமே வாச்சாத்திக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்த வருஷம் செப்டம்பர் 29-ல், முன் தீர்ப்பு வந்து சரியாகப் பன்னிரண்டு வருஷம் நிறைந்த அன்று, மேல் முறையீடுகளைத் தள்ளினார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலைக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார். அன்று தூளியில் கிடந்த குழந்தைக்கு அதற்குள் 31 வயது ஆகியிருந்தது.

இப்போது அந்த அமெரிக்கத் தொடருக்கு வருகிறேன். 'நைட் கோர்ட்' முடிந்தது 1992 மே மாதம். வாச்சாத்தி நடந்தது அதற்கு அடுத்த மாதம். தொடர் மூட்டை கட்டப்பட்டு முப்பது வருஷம் கிடந்தது. 2023 ஜனவரியில் அதை மறுபடி தூசு தட்டி எடுத்தார்கள். பழைய நீதிபதியின் மகள் நீதிபதியாக வந்து உட்கார்ந்தாள். பழைய தொடரில் சர்க்கார் தரப்பு வக்கீலாக வந்தவரே புதிய தொடரில் எதிரி தரப்பு வக்கீலாக வந்தார். அதே வருஷத்தில்தான் சென்னையில் இந்த மேல் முறையீட்டுத் தீர்ப்பு. ஒரு சிரிப்புத் தொடர் முடிந்து, அதன் நடிகர்கள் கிழடு தட்டி, கதையில் அடுத்த தலைமுறை வந்து நாற்காலியில் உட்காரும் வரையில் வாச்சாத்திப் பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இதைச் சொல்லி நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை. அந்தத் தொடரை எழுதியவர்களுக்கு வாச்சாத்தி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. வேறொன்றைச் சொல்லவே இந்தக் கணக்கைப் போட்டேன்.

*

கோர்ட்டைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பில் இரண்டு ஜாதி இருக்கிறது.

ஒரு சிரிப்பு, "இப்படித்தான்" என்கிறது. கோர்ட்டு என்றால் இப்படித்தான், வக்கீல் என்றால் இப்படித்தான், நியாயம் என்றால் இப்படித்தான். கேட்பதற்கு ரொம்ப விவேகமாக இருக்கும். உலகத்தைக் கரைத்துக் குடித்தவன் சொல்வது போல இருக்கும். ஆனால், இந்த வார்த்தையை நிஜத்தில் யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவன், பறிகொடுத்தவனிடம் சொல்கிறான்: "கோர்ட்டுக்குப் போறியா? போ, போ. உன் பேரன் காலத்துல தீர்ப்பு வரும்." அடித்தவன், அடிபட்டவனிடம் சொல்கிறான். அவனும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறான். என் கதையைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய வார்த்தையும் அந்தக் கொழுத்தவன் சொல்கிற வார்த்தையும் ஒன்றாக இருப்பதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

வாச்சாத்திப் பெண்கள் "இப்படித்தான்" என்று சிரித்துவிட்டு வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த 215 பேரும் கௌரவமாகப் பென்ஷன் வாங்கிக்கொண்டு காலத்தைக் கழித்திருப்பார்கள். நடக்கவே இல்லை என்று சொன்னது சரித்திரமாக நிலைத்திருக்கும். எழுத்து வாசனை அதிகம் இல்லாத அந்தப் பெண்கள், கோர்ட்டு தன்னை மதித்துக்கொண்டதைக் காட்டிலும் அதிகமாக அதை மதித்தார்கள். அது தாமதம் செய்தது. அவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். கோர்ட்டு கடைசியில் கோர்ட்டாக நடந்துகொண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தாமதத்தை நான் நியாயப்படுத்தவில்லை. முப்பத்தொரு வருஷம் என்பது ஆயுளில் பாதி. அதைக் கொடுமை என்றுதான் சொல்ல வேண்டும். கொடுமையைப் பார்த்துக் கோபப்பட வேண்டிய இடத்தில், "இப்படித்தான்" என்ற சிரிப்பு நம் கோபத்தை ஆற்றிவிடுகிறது. வெந்நீரை ஆற்றிக் கொடுப்பது போல இதமாக ஆற்றிவிடுகிறது. சிரித்துவிட்டு நாம் எழுந்து போய்ப் படுத்துக்கொள்கிறோம்.

இன்னொரு சிரிப்பு இருக்கிறது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் என் அக்காள்தான்.

அன்று மாடியிலிருந்து இறங்கி வந்து, "அக்கா, ராத்திரி பேரன் சட்டம் சொன்னப்போ அப்படிச் சிரிச்சியே, கோர்ட்டுக்குப் போன காலத்துல எப்பவாவது சிரிச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"சிரிக்காம எப்படிப்பா பதினேழு வருசம் போறது?" என்றாள். அப்புறம் சொல்லிக்கொண்டே வந்தாள். மாமா போன பிறகும் நெடுநாள் வரையில் கட்டில் பெயர் மாற்றாமலே இருந்ததாம். டவாலி வந்து மாமா பெயரை மூன்று தரம் கூவுவாராம். இவள் எழுந்து, "அவரு வர முடியாதுங்க, மேல் கோர்ட்டுக்குப் போயிட்டாரு, நான் வந்திருக்கேன்" என்பாளாம். வராந்தா முழுக்கச் சிரிக்குமாம். டவாலியும் சிரித்துவிடுவாராம். எதிர்க்கட்சிப் பங்காளியின் சம்சாரமும் அதே பஸ்ஸில் வருவாள். உள்ளே பகை, வெளியே வேப்பமரத்து நிழலில் இரண்டு பேரும் ஒரே பொட்டலத்துப் பொரியைத் தின்றுகொண்டு, எந்த வக்கீல் இன்றைக்கு எந்தச் சாக்குச் சொல்லுவார் என்று பந்தயம் கட்டுவார்களாம். சிரித்துவிட்டு, அடுத்த தேதியை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வருவார்கள். அந்தத் தேதியில் மறுபடியும் போவார்கள்.

இதுதான் வித்தியாசம். என் வாசகர்களின் சிரிப்பு அவர்களை வீட்டில் உட்கார வைத்தது. அக்காளின் சிரிப்பு அவளைப் பஸ் ஏற்றியது. ஒன்று கைவிடுவதற்குத் துணை. மற்றொன்று விடாமலிருப்பதற்குத் துணை. வேதநாயகம் பிள்ளையும் வெறுமே சிரித்துவிட்டுப் போய்விடவில்லை. கட்சிக்காரனுக்குச் சட்டம் புரிய வேண்டும் என்று, நாவல் வெளியாவதற்குப் பல வருஷம் முன்பே சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துப் போட்ட மனுஷர் அவர். அதனால்தான் அவருடைய கேலியில் விஷம் இல்லை. கை கொடுத்துத் தூக்குகிற பலம் இருக்கிறது.

தொலைக்காட்சித் தொடர்களை நான் குறை சொல்லவில்லை. கெட்ட தொடராக இருந்தால் அத்தனை உரக்கச் சிரித்திருக்க மாட்டேன். அந்த ஹார்வர்டுப் பெண் திகைத்து நின்றபோது, அவள் ஓடிவிடக் கூடாதே என்று எனக்குப் பதைத்தது. சிரிப்பு மூட்டியவர்களே அந்தப் பதைப்பையும் மூட்டியிருக்கிறார்கள் என்றால் அது நல்ல வேலைதான். எட்டுப் பகுதிகளுக்குள் அவர்களால் வராந்தாவைக் காட்ட முடியாமல் போகலாம். பார்க்கிற நாம் அந்த வராந்தாவை மறக்காமலிருக்கலாம் அல்லவா?

நான் ஊருக்குப் புறப்பட்ட அன்று பேரன் பஸ் நிறுத்தம் வரையில் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டு நாளாக அவனும் எதையோ யோசித்துக்கொண்டுதான் இருந்தான் போலும்.

"ஏன் தாத்தா, வக்கீலானப்புறம் நான் கோர்ட்டைப் பார்த்துச் சிரிக்கவே கூடாதா?"

"நல்லாச் சிரி. சிரிக்காவிட்டால் அந்தத் தொழிலில் நிற்க முடியாது. ஆனால், நீ வாய்தா வாங்குகிற ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து, உன் ஆயா வயசில் அங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அவர்களிடம் போய் நீயே தேதியைச் சொல்லு. அப்புறம் அவர்களுக்குச் சிரிப்பு வந்தால், சேர்ந்து சிரி."

பஸ் வந்துவிட்டது. அவன் என்ன நினைத்துக்கொண்டான் என்று எனக்குத் தெரியாது.

வீடு வந்து சேர்ந்ததும் என் பழைய சிறுகதைத் தொகுதியை எடுத்து அந்தக் கிணற்றுக் கதையை மறுபடி படித்தேன். கதை நன்றாகத்தான் இருக்கிறது. இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால், அது முடியவில்லை. அடுத்த பதிப்பு வரும்போது கடைசியில் சேர்த்துக்கொள்ளும்படி பதிப்பாளருக்கு இரண்டு வரி எழுதி அனுப்பியிருக்கிறேன்: "1995-ல் தீர்ப்பு வந்தது. பத்திரம் பொய் அல்ல."